பாராதைராய்டு அறுவை கடைசி வழிதானா?

நாட்பட்ட சிறுநீரக நோயில் பாராதைராய்டு சுரப்பிகள் கட்டுமீறிச் சுரக்கும்போது, மருந்துக்கு இணங்காத கடும் நிலையில் அறுவையை நாடலாம் என்கிறது 2017-இல் திருத்தப்பட்ட கே.டி.ஐ.ஜி.ஓ. வழிகாட்டு நெறி. மருந்து தோற்றபின் கத்தி என்ற இந்த வரிசை, சுரப்பி மாறும் விதத்தோடு பொருந்தவில்லை என்பதே என் வாதம்.

சிறுநீரகம் தளரும்போது பாஸ்பேட் உடலில் தங்குகிறது, கால்சிட்ரியால் குறைகிறது, இரத்தக் கால்சியம் இறங்குகிறது. இவை கழுத்திலுள்ள சுரப்பிகளை ஓயாமல் தூண்டுகின்றன. தொடக்கத்தில் சுரப்பி முழுவதும் ஒரே சீராகப் பருக்கிறது. அந்தக் கட்டத்தில் மருந்துக்கு இணங்கும். காலப்போக்கில் ஒற்றைச் செல்லிலிருந்து பெருகிய முடிச்சுகள் தோன்றுகின்றன. கால்சியத்தை உணரும் ஏற்பிகளும் வைட்டமின் டி ஏற்பிகளும் அவற்றில் அருகிவிடுகின்றன. இயல்பில் 30 முதல் 50 மில்லிகிராம் எடையுள்ள சுரப்பி 500 மில்லிகிராமைத் தாண்டினால், உள்ளே முடிச்சு இருக்கும் வாய்ப்பு மிகுதி. ஜப்பானிய அறுவை மருத்துவர்கள் வற்புறுத்தும் அளவுகோல் இது. ஏற்பியே அருகிய திசுவுக்குக் கால்சிட்ரியாலைக் கூட்டிக் கொடுத்தால், சுரப்பு அடங்குவதைவிடக் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏறுவதே மிகுதி.

2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சினகால்செட், அறுவைக்கு விடைகொடுத்துவிடும் என்று நம்பியவர்கள் உண்டு. ஹார்மோன் அளவை அது இறக்குகிறது; அதில் ஐயமில்லை. ஆனால் டயாலிசிஸ் நோயாளிகள் 3,883 பேரிடம் நடந்து 2012-இல் வெளியான ‘இவால்வ்’ ஆய்வில், இறப்பையும் பெரிய இதயநோய் நிகழ்வுகளையும் சேர்த்த முதன்மை முடிவில் புள்ளியியல் பொருளுள்ள குறைவு தென்படவில்லை. சிறுநீரக மாற்றுக்குப் பின்னும் அடங்காத சுரப்பிகளைப் பற்றிய ஸ்பானிய ஆய்வு (2016) சிறியது, மொத்தமே 30 பேர். ஓராண்டு முடிவில் அறுவை பெற்ற 15 பேருக்கும் கால்சியம் சீரானது. சினகால்செட் பெற்ற 15 பேரில் 10 பேருக்கு மட்டுமே. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு என்பதால் இதற்குக் கூடுதல் எடை தருகிறேன்.

அறுவை ஆயுளை நீட்டிக்கும் என்ற வாதத்தை நான் கையாளவில்லை. 2004-இல் வெளியான அமெரிக்கப் பதிவேட்டு ஆய்வு, நெடுநாள் இறப்பு அபாயம் 10 முதல் 15 சதவீதம் குறைந்ததாகக் கண்டது. அறுவைக்குத் தேர்வானவர்கள் முன்பே உடல்தேறியவர்களாக இருந்திருக்கலாம் அல்லவா? அதே ஆய்வில் முதல் 30 நாளில் இறந்தோர் 3.1 சதவீதம், அதைத் தட்டிக்கழிக்க முடியாது.

எவ்வளவு திசுவை விட்டுவைப்பது என்ற பழைய வழக்கும் தீரவில்லை. ஸ்டான்பரி குழுவினர் 1960-இல் பெரும்பகுதியை நீக்கிச் சிறிது விட்டனர். வெல்ஸ் 1975-இல் முழுதும் நீக்கி, துணுக்குகளை முன்கைத் தசையில் பதித்தார். எது சிறந்தது என்று பொதுவில் கேட்பதே பிழை என்பேன். மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்பவரிடம் எதையும் விட்டுவைக்காமல் எடுத்தால், டயாலிசிஸ் நின்றபின் அவர் கால்சியம் மாத்திரைகளையே நம்பி வாழ நேரும். டயாலிசிஸிலேயே தொடரப்போகிறவருக்கு, சுரப்பி மீண்டும் பருப்பதே பெரிய அச்சம்.

தாமதத்துக்கு இன்னொரு விலையும் உண்டு. ஹார்மோன் சட்டென்று விழுந்ததும் பசித்த எலும்பு இரத்தத்துக் கால்சியத்தை இழுத்துக்கொள்கிறது. நரம்புவழிக் கால்சியம் நாள்கணக்கில் தேவைப்படும். அறுவைக்குமுன் அல்கலைன் பாஸ்பட்டேஸ் எவ்வளவு உயர்ந்திருந்ததோ, அந்த அளவுக்கு இந்தச் சரிவு ஆழமாகும். ஆகவே மருந்தளவை மறுபடி கூட்டுமுன் கழுத்து அல்ட்ராசவுண்டில் சுரப்பியின் பருமனை அளந்து, முடிச்சு ஐயம் எழும் நிலையிலேயே அறுவை மருத்துவரைக் கலந்தாலோசிப்பதுதான் முறை.