ரெண்டு நந்தவனம், ரெண்டு திருட்டு

திருச்சிக்கு வர்றவங்க உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துட்டு நேரா இறங்கிடுவாங்க. நடுவுல தாயுமானவர் சந்நிதியில கொஞ்சம் நின்னு கவனிங்க. சாமி மேற்கே பார்க்கிறார். கொடிமரமோ அவருக்குப் பின்னால, கிழக்கே! எல்லாம் ஒரு பூத்திருட்டால வந்தது.

எல்லப்ப நாவலரின் செவ்வந்திப் புராணம் சொல்ற கதை இது. சாரமா முனிவர் நந்தவனம் போட்டு, செவ்வந்தி வளர்த்து சிவனுக்குச் சாத்தினார். ஒரு பூ வியாபாரி அதைத் திருடி உறையூர் ராஜாவுக்குக் கொடுத்தான். முனிவர் முறையிட்டும் ராஜா கண்டுக்கலை. சிவன் உறையூர் பக்கம் திரும்பினார். மண்மாரி பெய்து ஊரே மூடிப்போச்சு. அந்தச் சாமிக்குச் செவ்வந்திநாதர்னும் பேர் உண்டு.

பூவுக்காக ஒரு ஊரையா? செவ்வந்தி வளர்த்தவங்களுக்கு அந்தக் கோபம் புரியும். இது நந்தியாவட்டை மாதிரி இல்லீங்க. பூத்து ஓய்ந்ததும் செடியை வெட்டிவிட்டு, அடியில கிளம்பற பக்கக்கன்றுகளைப் பிரிச்சு நடணும். நுனி கிள்ளி விடணும். தண்ணி தேங்கினா வேர் அழுகிடும். இரவு நீளும் காலம் வந்தாத்தான் மொட்டு வைக்கும். ஒரு கூடை பூ போச்சுன்னா பல மாச உழைப்பு போச்சு.

சரித்திரம் வேற மாதிரி சொல்லுது. 1965-69ல சென்னைப் பல்கலைக்கழகம் உறையூரில் அகழாய்வு செஞ்சப்போ, ரோமாபுரி வாணிபக் காலத்துப் பானை ஓடுகள் கிடைச்சது. அவ்வளவு பழைய சோழர் தலைநகர். 9ஆம் நூற்றாண்டில் விஜயாலயன் தஞ்சாவூரைப் பிடிச்சதும் தலைநகர் அங்கே மாறிடுச்சு. ஆனா ஜனங்க ஞாபகம் வெச்சிருக்கறது தஞ்சாவூரை இல்லை, செவ்வந்தியைத்தான்.

காவிரியைத் தாண்டினா ஸ்ரீரங்கத்துல இன்னொரு தோட்டக்காரர். திருமண்டங்குடியில் பிறந்த விப்ரநாராயணர், அரங்கனுக்காக நந்தவனம் வெச்சு மாலை கட்டினவர். தேவதேவி மேல மயங்கி எல்லாத்தையும் விட்டார். கோயில் பொன்வட்டில் அவள் வீட்டில் கிடைக்க, திருட்டுப்பழி இவர் தலையில்! கொடுத்தது நான்தான்னு அரங்கனே ராஜா கனவில் வந்து சொன்னதாக் குருபரம்பரைக் கதை. பிறகு அவர்தான் தொண்டரடிப்பொடி ஆழ்வார். திருமாலை 45, திருப்பள்ளியெழுச்சி 10 பாசுரங்கள் அவர் பாடினது. இன்னிக்கும் அவர் சிலையைப் பூக்குடலையை வெச்சே அடையாளம் கண்டுபிடிச்சிடலாம்.

அங்கே பூத்திருடனை ராஜா விட்டுட்டான். இங்கே பூ வளர்த்தவரையே திருடன்னு பிடிச்சான். சைவமோ வைணவமோ, ரெண்டு கதையிலும் சாமி நின்னது தோட்டக்காரர் பக்கம். ராஜா நீதி தவறினானான்னு பார்க்க, எங்க ஊர்க்காரங்க அவன் ஜெயிச்ச போர்களை எண்ணலை. மண்வெட்டி பிடிச்சவனுக்கு என்ன பதில் சொன்னான்னுதான் கேட்டிருக்காங்க.

உங்க ஊர்க் கோயில்லயும் இப்படி ஒரு தோட்டக்காரர் கதை இருந்தா எழுதுங்களேன்.