ஒரே கடிதம், எத்தனை பிரதி?

ஆயிரம் பேர் வேலை செய்யும் ஓர் அலுவலகம். எல்லோருக்கும் ஒரு சுற்றறிக்கை மின்னஞ்சலில் போகிறது, கூடவே 2 எம்பி இணைப்பு. சர்வரில் அது பிடிக்கும் இடம் 2 எம்பியா, 2,000 எம்பியா? இதற்கு மைக்ரோசாஃப்ட் 1996-ல் ஒரு பதில் சொன்னது. 2009-ல் அதற்கு நேர் எதிரான பதிலைச் சொன்னது.

யூனிக்ஸ் பழக்கத்தில் ஒருவருக்கு ஒரு கோப்பு. புதுக் கடிதம் வந்தால் அதன் கடைசியில் ஒட்டிக்கொள்ளும். நடுவில் ஒன்றை அழிக்க வேண்டுமென்றால் கோப்பையே திருப்பி எழுத வேண்டும். 1996-ல் வந்த எக்ஸ்சேஞ்ச் 4.0 வேறு வழியில் போனது. சர்வரில் உள்ள எல்லோருடைய கடிதங்களும் ஒரே தரவுத்தளத்தில், 'ப்ரிவ்.இடிபி' என்ற ஒரே கோப்பில் இருந்தன. ஆயிரம் பேருக்குப் போன கடிதம் ஒரு தடவைதான் எழுதப்படும். ஒவ்வொருவர் பெட்டியிலும் அதைச் சுட்டும் குறிப்பு மட்டும் இருக்கும். ஹார்ட் டிஸ்க் விலை அதிகமாக இருந்த காலம், அதனால் நல்ல சிக்கனம்.

ஆனால் அந்தக் கோப்பு 16 ஜிபியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தரவுத்தளம் நின்றுவிடும், அலுவலகம் முழுவதற்கும் மின்னஞ்சல் கிடையாது! "எல்லோரும் பழைய மெயிலை அழியுங்கள்" என்றாலும் பயனில்லை. அழித்தால் கோப்புக்குள் காலிப் பக்கங்கள் உண்டாகுமே தவிர கோப்பு சுருங்காது. சுருக்க அதற்கென உள்ள கருவியை ஓட்ட வேண்டும். தரவுத்தளத்தை நிறுத்திவிட்டு, அதன் அளவில் 110 சதவீதம் காலி இடம் வைத்துக்கொண்டு, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எத்தனை அட்மின்களின் ஞாயிற்றுக்கிழமை இதில் போயிருக்குமோ :-)

1997-ல் வந்த 5.5-ன் எண்டர்பிரைஸ் பதிப்பில் இந்த வரம்பு போய்விட்டது. ஸ்டாண்டர்டு பதிப்பில் மட்டும் 16 ஜிபி அப்படியே நின்றது. எஞ்சின் ஒன்றுதான், ஆகவே அதன் பிறகு இது தொழில்நுட்பத் தடை அல்ல, விற்பனைக்காகப் போட்ட வேலி என்பது என் கருத்து. 2004-ல் ஜிமெயில் ஒரு ஆளுக்கே 1 ஜிபி தந்தது. 2005 அக்டோபரில் வந்த எக்ஸ்சேஞ்ச் 2003 எஸ்பி2-வில்தான் ஸ்டாண்டர்டு வரம்பு 75 ஜிபி வரை உயர்ந்தது.

இதற்குள் பிரச்சினையே மாறிவிட்டது. டிஸ்க்கின் கொள்ளளவு பல மடங்கு பெருகியது. ஆனால் அதன் முள் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகரும் வேகம் அவ்வளவாகக் கூடவில்லை. கடிதங்கள் எல்லோருக்கும் பொதுவான அட்டவணைகளில் சிதறிக் கிடந்ததால், ஒருவர் தன் இன்பாக்ஸைத் திறந்தாலே முள் அங்கும் இங்கும் அலைய வேண்டும். டிஸ்க்கில் பாதி காலியாக இருக்கும்போதே சர்வர் திணறியது. வேகத்துக்காகவே கூடுதல் டிஸ்க்குகளை வாங்க வேண்டியிருந்தது. சிக்கனம் செய்த ஏற்பாடே செலவு வைத்தது!

எக்ஸ்சேஞ்ச் 2007 அதிக நினைவகத்தைப் பயன்படுத்திச் சுமையை ஓரளவு குறைத்தது. 2009 நவம்பரில் வெளியான எக்ஸ்சேஞ்ச் 2010 ஒற்றைப் பிரதி முறையையே கைவிட்டது. ஒவ்வொரு பெட்டிக்கும் தனி அட்டவணைகள் வந்தன. 2003-ல் 4 கேபியாக இருந்த பக்கம் 32 கேபி ஆனது. 2007-ஐவிட டிஸ்க் வேலை 70 சதவீதம் குறைந்ததாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அதிகப்படி இடத்தில் கொஞ்சத்தை ஈடுகட்ட, கடிதங்களின் எழுத்துப் பகுதி சுருக்கிச் சேமிக்கப்பட்டது, இணைப்புகள் சுருக்கப்படவில்லை.

ஆக, அந்தச் சுற்றறிக்கை இப்போது ஆயிரம் பெட்டிகளிலும் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். அது மட்டுமல்ல, சர்வர் பழுதானால் உதவட்டும் என்று ஒரு தரவுத்தளத்தையே 16 பிரதிகள் வரை வைத்துக்கொள்ளும் வசதியும் அதே 2010 பதிப்பில்தான் வந்தது.