மறைபொருள் காத்த நடுவர்

சதுரங்கத்தில் இருதரப்புப் படைகளும் இருவர் கண்ணுக்கும் வெளிப்படை. போர்க்களமோ அத்தகையதன்று, மலைக்கு அப்பால் நிற்கும் பகைப்படையை எவரும் காண்பதில்லை. இவ்வுண்மையை உணர்ந்த பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ், தம் தந்தையார் தொடங்கிய போர் விளையாட்டைத் திருத்தி 1824இல் வெளியிட்டார். ஆடுவோர் தம் கட்டளைகளை எழுதி நடுவரிடம் ஒப்படைத்தனர். எதிரியின் பார்வைக்கு எட்டிய படைகளை மட்டுமே நடுவர் வரைபடத்தில் வைத்தார். மறைபொருள் அவரிடமே தங்கியதால், ஒளிந்து பார்த்து வெல்ல வழியில்லாமற் போயிற்று.

கணிப்பொறி விளையாட்டுகளில் இவ்வரண் தளர்ந்தது. 1997இல் வெளிவந்த 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்' விளையாட்டு, தொலைபேசி இணைப்பின் வேகக் குறைவு கருதிக் கட்டளைகளை மட்டுமே அனுப்பியது. ஒவ்வொருவர் கணிப்பொறியும் களம் முழுவதையும் தானே கணித்தது. ஒருவர் தம் படையைக் கள்ளத்தனமாகப் பெருக்கினால், கணக்குகள் முரண்பட்டுக் குற்றம் வெளிப்படும். ஆனால், இருட்திரையை விலக்கிப் பார்ப்பவர் எதையும் மாற்றுவதில்லை. ஆதலின் அக்குற்றத்திற்குத் தடயமும் இல்லை.

வினாத்தாளைக் கையிற் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள் என்று மாணவனிடம் கூறும் ஆசிரியர் உண்டோ? காணத்தகுந்ததை மட்டுமே அவரவர்க்கு அனுப்பும் நடுவண் கணிப்பொறி, ரைஸ்விட்ஸின் நடுவரே மீண்டு வந்த வடிவம். மறைத்துக் கொடுப்பது காவலன்று, கொடாதிருப்பதே காவல்.