மின்னணுக் கற்றல் தொகுப்பேடு

மின்னணுக் கற்றல் தொகுப்பேடு என்பது, மாணவர் தம் கட்டுரைகள், வரைவுகள், ஒலி, ஒளிப் பதிவுகள் முதலியவற்றிலிருந்து தாமே தேர்ந்தெடுத்தவற்றை விளக்கக் குறிப்புகளுடன் கணினிவழியே தொகுத்து வைக்கும் ஏடாகும். வெறும் கோப்புச் சேமிப்பிலிருந்து இதனை வேறுபடுத்துவது மீள்சிந்தனை, அதாவது எதை, எவ்வாறு, ஏன் கற்றோம் எனக் கற்பவர் தம் அனுபவத்தைத் திரும்ப நோக்கி ஆராயும் செயல்.

இச்சிந்தனையின் கல்விப் பயனை அமெரிக்க மெய்யியலாளர் ஜான் டூயி 1910இல் வெளியான தம் நூலில் விளக்கினார். ஆய்வாளர் டொனால்ட் ஷோன் 1983இல் மீள்சிந்தனையைச் செயலின்போது எழுவது, செயலுக்குப் பின் எழுவது என இரண்டாக வகுத்தார்.

தொலைநிலைக் கல்வியில் ஆசிரியர் பெரும்பாலும் முடிவுற்ற ஒப்படைப்புகளையே காண்பதால், முதல் வரைவும் திருத்திய வடிவமும் அவற்றுக்கிடையிலான மாற்றத்தை விளக்கும் குறிப்பும் ஒருங்கே அமைந்த தொகுப்பேடு, வகுப்பறை உரையாடலின் இடத்தை ஓரளவு நிரப்புகிறது. நியூசிலாந்தில் 2006இல், திறந்தநிலைப் பாலிடெக்னிக், மாசி பல்கலைக்கழகம் உள்ளிட்ட நிறுவனங்களின் கூட்டு முயற்சியாகத் தொடங்கிய மஹாரா என்னும் கட்டற்ற தொகுப்பேட்டு மென்பொருள், ஒவ்வொரு பக்கத்தையும் யார் பார்க்கலாம் என்பதை மாணவரே முடிவு செய்ய இடமளிக்கிறது.

குறிப்புகளுக்கு மதிப்பெண் வழங்கும்போது, மாணவர் உண்மையான ஐயங்களை மறைத்து, ஆசிரியர் விரும்புவதாகக் கருதுவதையே எழுதக்கூடும். எனவே வழிகாட்டு வினாக்களும் தொடர்ச்சியான பின்னூட்டமும் இம்முறைக்கு இன்றியமையாதவை.