பெங்களூருவின் குற்றப் புனைவு

கர்நாடகத் தலைநகரின் வறுமை, மதுப்பழக்கம், ரவுடிக் குழுக்கள், காவல் நிலைய நடைமுறைகள் ஆகியவற்றைக் களமாகக் கொண்டு கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்ட நாவல்களும், புனைவின் உத்திகளைக் கையாண்ட தன்வரலாறுகளும் இவ்வகையில் அடங்கும். இதற்கு முன்னோடி கன்னடத் துப்பறியும் நாவல். நூற்றுக்கணக்கான நாவல்களை எழுதி எளிய மக்களிடையே பெரும் வாசகர் கூட்டத்தை உருவாக்கிய என். நரசிம்மய்யா அதன் தலைமகன். எனினும் குற்றவாளி பிடிபடுவதுடன் நிறைவுறும் அவ்வகைக் கதைகள், அவன் எத்தகைய வாழ்விலிருந்து வந்தான் என்று பெரிதும் கேட்டதில்லை.

அக்கேள்வியைக் கூர்மையாக எழுப்பியது அக்னி ஸ்ரீதரின் 'தாதாகிரிய தினகளு'. எம். பி. ஜெயராஜ், கொத்வால் ராமச்சந்திரா ஆகியோர் நகரை அச்சுறுத்திய காலத்தை, அவ்வுலகில் தாமே உழன்றவர் என்ற நிலையிலிருந்து எழுதிய ஸ்ரீதர், தாதாக்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் காவலர்களுக்கும் இடையே நிலவிய கொடுக்கல் வாங்கலை விவரித்ததோடு தம் குற்றங்களையும் மறைக்கவில்லை. இந்நேர்மையே நூலின் வலிமை. ஆயினும் தாதாவின் கவர்ச்சிக்கு முன், அவனால் நசுக்கப்பட்டோரின் குரல் மங்கிவிடுவதையும் சொல்லியாக வேண்டும். இதைத் தழுவிய 'ஆ தினகளு' திரைப்படம் 2007இல் வெளிவந்தது. அதன் திரைக்கதையில் கிரீஷ் கர்னாடும் பங்காற்றினார்.

இக்கதைகளின் பின்னணியில் இரு சட்டக் கருவிகள் உள்ளன. ஒன்று, நீதிமன்றத் தண்டனை இல்லாமலேயே ஒருவரைத் தொடர் கண்காணிப்பில் வைக்கும் காவல் நிலையப் பதிவேடான 'ரவுடி ஷீட்'. மற்றது, கள்ளச்சாராயம் விற்போர், போதைப்பொருள் குற்றவாளிகள், குண்டர்கள் முதலியோரை ஒரே பட்டியலில் சேர்த்து, விசாரணையின்றி ஓராண்டு வரை சிறை வைக்க இடமளிக்கும் 1985ஆம் ஆண்டுச் சட்டம், அதாவது பேச்சுவழக்கில் 'குண்டர் சட்டம்'.

ஆங்கிலத்தில் அனிதா நாயர், குடிப்பழக்கமுள்ள இன்ஸ்பெக்டர் போரே கௌடாவை மையமாக வைத்து 2012இல் 'எ கட்-லைக் ஊண்ட்' நாவலையும், 2016இல் குழந்தைக் கடத்தலைக் கருவாகக் கொண்ட 'செயின் ஆஃப் கஸ்டடி'யையும் வெளியிட்டார். பின்னதில், வீட்டு வேலை செய்யும் ஓர் ஏழைப் பெண்ணின் மகள் காணாமல் போவது கதையை நகர்த்துகிறது.

விசாரணைக் கைதியின் துயரை உள்ளிருந்து சொல்லும் படைப்பு இவ்வரிசையில் அரிது. இதில் தமிழ் முந்திக்கொண்டது: ஆந்திரத்தின் குண்டூரில் காவலர்களின் சித்திரவதைக்கு உள்ளான கோவை ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் எழுதிய 'லாக்கப்', வெற்றிமாறனின் 'விசாரணை' திரைப்படத்துக்கு மூலமாயிற்று.