சம்பளச் சீட்டில் இருநூறு ரூபாய்: மாநில வருமான வரி பட்ட பாடு

மும்பையில் ஒரு தனியார் கம்பெனியின் கணக்குப் பிரிவில் இருபத்தெட்டு வருஷம் சம்பளப் பட்டியல் போட்டவன் நான். 2012-இல் ஒரு நாள், தபால் பிரிவில் வேலை பார்த்த தம்பி ஒருவர் சம்பளச் சீட்டும் கையுமாக வந்து நின்றார். தாராவியில் குடியிருப்பு, சொந்த ஊர் நாங்குநேரிப் பக்கம். மாதம் பதினோராயிரம் சம்பளம்.

"அண்ணாச்சி, பி.டி.ன்னு 200 ரூவா பிடிச்சிருக்கே, அது என்னது?"

"மாநில அரசோட தொழில் வரி, தம்பி. மாசம் 200, பிப்ரவரியில மட்டும் 300. வருஷத்துக்கு 2,500."

"அப்போ நம்ம ஜி.எம். சாருக்கு எவ்வளவு?"

"அவருக்கும் அதே 200தான்."

"அதெப்படி அண்ணாச்சி? அவருக்கு அஞ்சு லட்சம்லா சம்பளம்!"

"சட்டம் அப்படி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தத் தம்பி சம்பாதிக்கும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஏறக்குறைய 1 ரூபாய் 89 காசு போகிறது. ஜெனரல் மானேஜருக்கோ நூறு ரூபாய்க்கு 4 காசுதான். ஓய்வு பெற்ற பிறகு, இது எங்கே தொடங்கியது என்று தேடிப் படித்தேன். அதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

நம் நாட்டில் வருமான வரி பிறந்தபோதே, அதை யார் போடுவது என்ற சண்டையும் கூடவே பிறந்தது. 1857 கிளர்ச்சிக்குப் பின் கஜானா காலி. 1860 பிப்ரவரியில் கல்கத்தாவில் நிதி உறுப்பினர் ஜேம்ஸ் வில்சன் வருமான வரியை முன்வைத்தார். வருஷத்துக்கு 200 முதல் 500 ரூபாய் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 2 சதவீதம், அதற்கு மேல் 4 சதவீதம். அன்றே இரண்டு படிகள் இருந்ததைக் கவனிக்க வேண்டும். அதை பலமாக எதிர்த்தவர் சென்னை மாகாண கவர்னர் சர் சார்லஸ் டிரெவெல்யன். இந்தப் புது வரி வேண்டாம், முதலில் செலவைக் குறையுங்கள் என்றார். சொன்னதோடு விடாமல், எதிர்ப்புக் குறிப்பைப் பத்திரிகைகளில் வெளியிட்டும் விட்டார். லண்டன் அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்துக்கொண்டது. வில்சனோ அதே ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவிலேயே காலமானார். வேடிக்கை என்னவென்றால், 1863-இல் டிரெவெல்யனே நிதி உறுப்பினராகத் திரும்பி வந்தார். அவர் காலத்தில், 1865-இல், அந்த வரி காலாவதியானது.

பிறகு வருமான வரி விட்டு விட்டு வந்தது. 1886 சட்டம் அதை நிலைப்படுத்தியது, ஆனால் விவசாய வருமானத்துக்கு விலக்கு அளித்தது. 1935 இந்திய அரசுச் சட்டம் பாகப்பிரிவினை செய்தது. பொதுவான வருமான வரி மத்திய அரசுக்கு, விவசாய வருமான வரி மாகாணங்களுக்கு. பீகார் 1938-லும் அசாம் 1939-லும் விவசாய வருமான வரி கொண்டுவந்தன. நாம் குடிக்கும் தேயிலையில் இந்தப் பாகப்பிரிவினை இன்றும் இருக்கிறது. தேயிலையைத் தானே விளைவித்துத் தயாரிப்பவரின் வருமானத்தில் 60 சதவீதம் விவசாய வருமானம் என்றும், 40 சதவீதம் மத்திய அரசு வரி போடத்தக்கது என்றும் விதி.

சம்பளக்காரர் கதைக்கு வருவோம். மாகாணங்களின் பட்டியலில் 'தொழில், வணிகம், வேலை மீதான வரி' என்று ஓர் இனம் இருந்தது. 1939-இல் கோவிந்த வல்லப பந்த் தலைமையிலான ஐக்கிய மாகாண காங்கிரஸ் அரசு அதைப் பிடித்துக்கொண்டு, சம்பளம் ஏற ஏற வரியும் ஏறும்படி ஒரு வேலை வரி மசோதாவைக் கொண்டுவந்தது. பெரிய சம்பளக்காரர்கள்தான் அதன் குறி. இது வேறு பெயரில் வரும் வருமான வரிதான் என்று எதிர்ப்புக் கிளம்பியது. கடைசியில் பிரிட்டிஷ் பார்லிமெண்டே தலையிட்டது. 1940-இல் 1935 சட்டத்தில் 142-ஏ என்ற புதுப் பிரிவைச் சேர்த்து, ஒருவரிடம் வருஷத்துக்கு 50 ரூபாய்க்கு மேல் தொழில் வரி வாங்கக் கூடாது என்று பூட்டுப் போட்டுவிட்டது.

வெள்ளைக்காரர் போனார், பூட்டு போகவில்லை! நம் அரசியல் சட்டத்தின் 276-ஆம் பிரிவாக அது தொடர்ந்தது. தொழில் வரி வருமானத்தைத் தொடுகிறது என்ற காரணத்துக்காகச் செல்லாது ஆகாது என்று ஒரு கையால் கொடுத்து, வருஷத்துக்கு 250 ரூபாய்க்கு மேல் கூடாது என்று மறு கையால் பிடித்துக்கொண்டது அந்தப் பிரிவு. 1988-இல் 60-ஆவது திருத்தம் அதை 2,500 ஆக்கியது. அதற்குப் பிறகு அசையவில்லை. 14-ஆவது நிதிக் குழு 12,000 ஆக உயர்த்தலாம் என்று பரிந்துரைத்தும் பயனில்லை.

எதிர்த்தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரே சம்பளத்துக்கு மத்திய அரசும் மாநில அரசும் தனித்தனியாக ஏறும் வரி போட்டால் சம்பளக்காரன் தாங்குவானா? மத்திய அரசு வருமானத்துக்கேற்ப வரி வாங்கி மாநிலங்களுக்குப் பங்கு தருகிறதே! பகிரத்தக்க வரியில் 41 சதவீதம் என்று 15-ஆவது நிதிக் குழு வைத்தது. வரியை ஏற்றினால் கம்பெனிகள் பக்கத்து மாநிலத்துக்குப் போய்விடும் என்ற பயமும் பொய்யில்லை. டில்லியில் இந்த வரியே கிடையாது. 1939-இல் இதைத் தொடங்கி வைத்த உத்தரப் பிரதேசத்திலும் இன்று சம்பளத்தில் இது பிடிக்கப்படுவதில்லை.

ஆனாலும் என் மனசு ஒப்பவில்லை. கீழ்ப்படியில் சலுகை தர மாநிலத்தால் முடியும். 2023-இல் மகாராஷ்டிரம் மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கும் பெண்களுக்கு விலக்கு அளித்ததே! மேல்படியை உயர்த்தத்தான் முடியாது. ஏனென்றால், 2,500 என்ற எண் அரசியல் சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. விலைவாசி ஏறுகிறது, சம்பளம் ஏறுகிறது, அந்த எண் மட்டும் நிற்கிறது. ரூபாய்க் கணக்கில் உச்சவரம்பு வைத்தால் அது நாளாவட்டத்தில் பணக்காரருக்குத் தள்ளுபடியாக மாறிவிடும். சம்பளத்தில் இத்தனை சதவீதம் என்று வரம்பு வைத்திருந்தால் சுமையும் அளவுக்குள் இருக்கும், நியாயமும் இருக்கும்.

ஊரில் நம் உறவினர்களிடம் நகராட்சியோ மாநகராட்சியோ அரையாண்டுக்கு ஒருமுறை வசூலிப்பதும் இதே தொழில் வரிதான். அங்கேயும் உச்சம் அரையாண்டுக்கு 1,250 ரூபாய், அதாவது அதே 2,500. ஊர் மாறினாலும் பூட்டு மாறவில்லை.

அந்தத் தம்பி பிறகு வேறு வேலைக்குப் போய்விட்டார். இன்று எதிரே வந்தால், "சட்டம் அப்படி" என்று சொல்லி அனுப்ப மாட்டேன். "உன் கேள்வி சரிதான் தம்பி. 1939-லேயே ஒரு மாகாணம் அதற்குப் பதில் எழுதப் பார்த்தது. லண்டனில் போட்ட பூட்டை நாம் இன்னும் திறக்கவில்லை" என்று உட்கார வைத்துச் சொல்வேன்.