பல் சொல்லும் சொந்த ஊர்

இங்கே சாகணில் ஒரு தமிழ்க்காரரைப் புதிதாகச் சந்தித்தால் முதல் கேள்வியே "சொந்த ஊர் எது சார்?" என்பதுதான். வாய் எதை வேண்டுமானாலும் சொல்லும். பல் பொய் சொல்லாது என்கிறார்கள் தொல்லியல்காரர்கள்.

நம் புனே மாவட்டத்திலேயே, பீமாவில் போய்ச் சேரும் கோட் நதிக்கரையில் இனாம்காவ் என்ற கிராமம் இருக்கிறது. 1968 முதல் 1983 வரை டெக்கான் காலேஜ் குழு இங்கே தோண்டியது. மூவாயிரம் வருஷத்துக்கு முந்தைய வீடுகள் கிடைத்தன. இறந்த குழந்தைகளை இரண்டு பானைகளுக்குள் வைத்து, வாயோடு வாய் சேர்த்து, வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்திருந்தார்கள். அந்த ஊர் மக்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று அறிய எலும்பில் உள்ள தனிமங்களையும் அளந்தார்கள். புதைந்த எலும்பு மண்ணிலிருந்தும் சிலவற்றை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் சுற்றியுள்ள மண்ணையும் சோதித்தால்தான் கணக்கு டேலி ஆகும்.

எங்கள் பேங்க் பாஷையில் சொன்னால், எலும்பு கரண்ட் அக்கவுண்ட். ஆயுள் முழுக்க வரவு செலவு நடக்கும், பழையது போய்ப் புதியது வரும். பல்லின் எனாமல் ஃபிக்ஸட் டெபாசிட். சின்ன வயதில் போட்டது அப்படியே கிடக்கும்.

போடுவது எது? ஸ்ட்ரோன்டியம். பாறையிலிருந்து மண்ணுக்கும், தண்ணீர், பயிர் வழியாக நம் உடம்புக்கும் வருகிறது. வயதான பாறைகளில் ஸ்ட்ரோன்டியம்-87 பொதுவாக அதிகம். தக்காணத்தின் கருப்புப் பாறைக்கு வயது சுமார் 6.6 கோடி வருஷம்தான். தமிழ்நாட்டுப் பாறைகளில் பெரும்பாலானவை அதைவிடப் பல மடங்கு மூத்தவை.

இதே முறையில் ஹரப்பாவிலும் ஹரியானாவின் ஃபர்மானாவிலும் கிடைத்த பற்களை ஆராய்ந்து 2015-ல் முடிவு வெளியிட்டார்கள். அங்கே புதைக்கப்பட்டவர்களில் பலர் வெளியூரில் பிறந்து, சிறு வயதிலேயே நகரத்துக்கு வந்தவர்களாம். பிழைக்க ஊர் மாறுவது நாம் தொடங்கி வைத்த வழக்கம் இல்லை!

அப்படியானால் நம் பல் தமிழ்நாட்டுக் கணக்கு, இங்கே பிறந்த பிள்ளைகளின் பல் தக்காணக் கணக்கு. (இப்போது அரிசியும் பருப்பும் எங்கிருந்தெல்லாமோ வருவதால் கணக்கு கொஞ்சம் குழம்பும்.) பிள்ளைகளை "வெளியூர்க்காரன்" என்று யாராவது சொன்னால், மண் அதை ஒப்புக்கொள்ளாது.

ஆனால், வீட்டில் என்ன பாஷை பேசினார்கள் என்று எந்தப் பல்லும் சொல்லாது. அந்தக் கணக்கை நாம்தான் எழுதியாக வேண்டும்.